ஊசிக்கு முந்திய மண்: காசநோய்த் தடுப்பும் தமிழ்நிலத்துச் சூழலும்

கேள்வி

தர்மபுரி மாவட்டத்தில் பாலக்கோட்டிலோ பென்னாகரத்திலோ உள்ள அரசு மருத்துவமனையில் பிறக்கும் சிசுவுக்கு, தாயும் சேயும் வீடு திரும்புவதற்கு முன்பே, இடது மேற்கையின் தோலுக்குள் பி.சி.ஜி. மருந்து ஏற்றப்படுகிறது. அளவு 0.05 மில்லிலிட்டர், ஊசி இறங்கிய இடத்தில் தோல் ஒரு பருப்பளவு வெளுத்து உப்புகிறது. இரண்டு மூன்று வாரங்களில் அங்கே ஒரு கொப்புளம் எழுந்து, சற்றே புண்ணாகி, தானாக ஆறி, பெரும்பாலோர்க்கு வாழ்நாள் முழுவதும் மறையாத வட்டத் தழும்பாக நின்றுவிடுகிறது. காசநோய்க் கிருமியின் நெருங்கிய உறவான மாட்டுக் காசக் கிருமியை வீரியம் குறைத்து, உயிரோடு சரீரத்துக்கு அறிமுகம் செய்துவைத்ததன் அடையாளம் அது.

வீடு திரும்பிய அக்குழந்தையை வேறோர் அறிமுகம் எதிர்கொள்கிறது. சாணமிட்டு மெழுகிய தரை, திண்ணையோரம் கட்டிய வெள்ளாடு, களத்தில் ராகி தூற்றும்போது எழும் தூசி, தொட்டியில் தேங்கிய தண்ணீர், தவழும் பருவத்தில் கையில் ஒட்டி வாய்க்குப் போகும் செம்மண் ஆகிய எல்லாவற்றிலும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கோடிக்கணக்கில் வாழ்கின்றன. இவற்றுள் காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்தனவும், பெரும்பாலும் நோய் செய்யாதனவுமான மைக்கோபாக்டீரியாக்களும் உண்டு. அவை வந்து சுவடின்றிப் போவன அல்ல. உடலின் காவலணுக்கள் அவற்றை இனங்கண்டு நினைவில் பதித்துக்கொள்கின்றன.

இவ்விரண்டு அநுபவங்களும் ஒன்றற்கொன்று துணை செய்கின்றனவா, இடர் செய்கின்றனவா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. உலகில் இக்கேள்விக்கு மிகப் பெரிய அளவில் விடை தேடப்பட்ட இடம் தமிழ்நாடே. அவ்விடையிலிருந்து, நோயெதிர்ப்பு என்பது தனி மனிதச் சரீரத்தின் சொந்த உடைமையன்று, அது வாழும் மண்ணோடும் நீரோடும் உணவோடும் கூடி உருவாவது என்பது பெறப்படும் என்று நான் கருதுகிறேன். மண்ணைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதும் மண்ணை மருந்தென்று போற்றுவதுமாகிய இரண்டு அவசர முடிவுகளையும் அதே சான்றுகள் மறுக்கின்றன என்பதையும் காட்ட விரும்புகிறேன்.

ராஜாஜியின் ஆட்சேபம்

பி.சி.ஜி. மருந்து பிரெஞ்சு தேசத்தில் கால்மெட், கெரான் என்னும் இருவர் 1908 முதல் 1921 வரை பதின்மூன்று ஆண்டுகள் அயராது உழைத்து ஆக்கியது. சுதந்திரம் பெற்ற மறு ஆண்டே, 1948இல், சென்னை கிண்டியில் அதைத் தயாரிக்கும் ஆய்வுக்கூடம் நிறுவப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் ஊர் ஊராகச் சென்று ஊசியிடும் பேரியக்கமும் தொடங்கிற்று. அதை 1955இல் பகிரங்கமாக எதிர்த்துச் சிறு நூலொன்றும் வெளியிட்டவர் ராஜாஜி. அவர் பிறந்த தொரப்பள்ளி அன்று சேலம் ஜில்லாவின் ஓசூர்ப் பகுதியில் இருந்தது. 1965இல் தர்மபுரி மாவட்டம் அமைந்தபோது அதற்குள் வந்து, 2004இல் கிருஷ்ணகிரி தனியே பிரிந்தபோது அதனோடு சென்றது.

உயிருள்ள கிருமியை ஆரோக்கியமான குழந்தைகளின் உடலில் செலுத்துவதற்குத் தக்க நிரூபணம் உண்டா என்பது அவருடைய ஆட்சேபத்தின் சாரம். மருத்துவம் பயிலாத ஒருவரின் பழமைப்பற்று என்று அதை ஒதுக்கியவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். ஊசியால் பெருந்தீங்கு விளையும் என்ற அச்சத்தைப் பின்வந்த அநுபவம் மெய்ப்பிக்கவில்லை என்பது உண்மையே. ஆனால் நிரூபணம் கேட்டாரே, அந்தக் கேள்வி நியாயமானது. பிரிட்டனில் ஐம்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களிடம் 1950இல் தொடங்கிய பெருஞ்சோதனையின் முதல் அறிக்கைகூட 1956இல்தான் வெளிவந்தது. அந்த அறிக்கை பி.சி.ஜி. ஏறத்தாழ நான்கில் மூன்று பங்குக்கும் மேலாகக் காசநோயைத் தடுக்கிறது என்று ஐயத்துக்கிடமின்றிக் காட்டிற்று. பிரிட்டிஷ் மாணவனிடம் நிரூபணமானது நம் நாட்டு உழவன் மகனுக்கும் பொருந்தும் என்று அக்காலத்து அறிஞர் பலர் எடுத்துக்கொண்டார்கள். அப்படி எடுத்துக்கொண்டது தவறு என்பது பின்னால் தெரிந்தது.

செங்கற்பட்டுச் சோதனை

இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம், உலக சுகாதார நிறுவனம், அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை ஆகிய மூன்றும் கூடி 1968இல் செங்கற்பட்டு ஜில்லாவில் தொடங்கிய சோதனை, காசநோய்த் தடுப்பின் சரித்திரத்திலேயே பெரியது. ஏறத்தாழ மூன்றரை லட்சம் ஜனங்கள் வீடு வீடாகப் பதிவு செய்யப்பட்டார்கள்; அவர்களுள் 2,80,000க்கும் மேற்பட்டோர்க்கு, குலுக்கல் முறையில், சிலர்க்கு மருந்தும் சிலர்க்கு மருந்தற்ற வெறும் திரவமும் போடப்பட்டன. போட்டவர்க்கும் தெரியாது, போட்டுக்கொண்டவர்க்கும் தெரியாது. மருந்திலும் பிரெஞ்சு வகை, டேனிஷ் வகை என இரண்டு; அளவிலும் இரண்டு. இரண்டரை ஆண்டுக்கொரு முறை மார்பு எக்ஸ்ரே எடுத்து, சளியைப் பரிசோதித்து, யார்க்கு நோய் வந்தது என்று கணக்கிட்டார்கள். சென்னை வெயிலில், சாலையில்லாத கிராமங்களுக்கு எக்ஸ்ரே வண்டியை இழுத்துக்கொண்டு பதினைந்து ஆண்டுகள் அலைந்த அந்தப் பணியாளர்களின் உழைப்பை, முடிவு ஏமாற்றமளித்தது என்பதற்காக நாம் மறந்துவிடலாகாது.

ஏமாற்றம் பெரிதுதான். ஏழரை ஆண்டு முடிவுகள் 1979இல் வெளியானபோது, மருந்து பெற்றவர்க்கும் பெறாதவர்க்கும் நுரையீரல் காசநோயில் வேறுபாடு காணப்படவில்லை. பதினைந்து ஆண்டுத் தொடர்கணக்கு 1999இல் வெளியாயிற்று. பெரியவர்களிடம் பாதுகாப்பு இல்லை என்றும், குழந்தைகளிடம் 27 விழுக்காடு இருக்கலாம் என்றும், அதுவும் தற்செயலாக வந்திருக்கக்கூடும் என்று ஒதுக்க முடியாத அளவு உறுதியுடையதன்று என்றும் அது சொல்லிற்று. கைக்குழந்தைகளின் மூளைக்காய்ச்சல் காசத்தையும் உடலெங்கும் பரவும் காசத்தையும் பற்றி இச்சோதனை தீர்ப்புச் சொல்ல முடியாது. அவ்வகை நோய்களை பி.சி.ஜி. தடுக்கிறது என்பதற்குப் பல தேசங்களிலிருந்து சான்று உண்டு. பிறந்தவுடன் ஊசி போடும் இன்றைய வழக்கம் அதன்மேல்தான் நிற்கிறது.

சோதனைக்குள் ஒரு சிறு சோதனையும் நடந்தது. என் நோக்கில் பெருஞ்சோதனையைவிட அதுவே சிந்தனைக்கு உரியது. பதிவானவர்களின் கையில் டியூபர்குலின் என்னும் கிருமிச்சாற்றைத் தோலுக்குள் செலுத்தி, மூன்றாம் நாள் அங்கே எழும் தடிப்பை விரலால் தடவி எல்லை கண்டு மில்லிமீட்டரில் அளந்தார்கள். ஒரு கைக்குக் காசநோய்க் கிருமியின் சாறு, மறு கைக்குச் சூழலில் வாழும் வேறொரு மைக்கோபாக்டீரியாவின் சாறு. முதற்சாறு, காசநோய்க் கிருமி தொற்றியவர்களின் கையைத்தான் பெரிதும் தடிக்கச் செய்தது. இரண்டாவது சாறோ, வளரிளம் பருவத்தைக் கடந்தவர்களுள் ஏறத்தாழ எல்லோர் கையையும் தடிக்கச் செய்தது. அதாவது, மருத்துவர் ஊசியோடு வந்து சேர்வதற்கு முன்பே, செங்கற்பட்டின் ஏரியும் வயலும் புழுதியும் அந்த ஜனங்களின் உடலில் தம் பதிவைச் செய்து முடித்திருந்தன. ஊசி போட்ட இரண்டரை மாதத்தில் ஓங்கி எழுந்த டியூபர்குலின் உணர்வு, நான்கு ஆண்டுகளில் பெரிதும் தணிந்துபோனதும் பதிவாகியிருக்கிறது.

மண்மீது வைத்த வழக்கு

இப்படி ஒன்று நேரக்கூடும் என்று முன்னமே ஊகித்தவர் அமெரிக்கரான காரல் பாமர். அவரும் உடனாய்வாளர்களும் அமெரிக்கக் கடற்படையில் சேர வந்த இளைஞர்களின் கைகளைச் சோதித்து, சதுப்பும் வெப்பமும் மிகுந்த தென்கிழக்கு மாநிலங்களில் வளர்ந்தவர்களிடம் சூழல் மைக்கோபாக்டீரியாவின் அடையாளம் மிகுதியாக இருப்பதைக் கண்டார்கள், பி.சி.ஜி. அதே தென்கிழக்கு மாநிலங்களில்தான் மிகக் குறைந்த பயன் தந்திருந்தது. பிறகு 1966இல் பாமரும் லாங்கும் கினிப்பன்றிகளுக்கு முதலில் சூழல் கிருமியும் அடுத்து பி.சி.ஜி.யும் கொடுத்துப் பார்த்தார்கள். சூழல் கிருமியே ஓரளவு பாதுகாப்புத் தந்துவிட, அதற்குமேல் பி.சி.ஜி. சேர்த்த ஆதாயம் சிறிதாயிற்று.

இங்கே இருவேறு விளக்கங்கள் பிறக்கின்றன. இவை அடிக்கடி ஒன்றாகக் குழப்பப்படுவதால் பிரித்துச் சொல்ல வேண்டும். மண் முன்பே ஒரு பாதுகாப்பைக் கொடுத்துவிடுவதால் ஊசியின் பாதுகாப்பு அதற்குள் மறைந்துபோகிறது என்பது ஒன்று. மண் தந்த நினைவு, உயிருள்ள பி.சி.ஜி. உடலில் நுழைந்ததும் அதைப் பகையென்று பாவித்து, பெருகவிடாமல் விரைவில் அழித்து, ஊசி தன் வேலையைச் செய்யாதபடி தடுத்துவிடுகிறது என்பது மற்றொன்று. முதலாவது மெய்யானால் தமிழ்நாட்டு உழவன் ஏற்கெனவே காக்கப்பட்டவன். இரண்டாவது மெய்யானால் அவன் காக்கப்படாதவன். மருத்துவத்துக்கும் அரசுக்கும் இது சிறிய வித்தியாசமன்று.

மலாவி தேசத்தையும் பிரிட்டனையும் சேர்ந்த இளைஞர்களை ஒப்பிட்ட 2002ஆம் ஆண்டின் ஆய்வு முதல் விளக்கத்துக்குச் சாதகமாகக் காணப்படுகிறது. ஊசிக்கு முன்பே மலாவி இளைஞர்களுள் பெரும்பாலோரின் ரத்த அணுக்கள் மைக்கோபாக்டீரியாவைக் கண்டதும் இன்டர்ஃபெரான்-காமா என்னும் எச்சரிக்கைப் பொருளைச் சுரந்தன; ஊசிக்குப் பின் பிரிட்டிஷ் இளைஞரிடம் ஏற்பட்ட பெரிய ஏற்றம் மலாவியரிடம் ஏற்படவில்லை. அதே ஆண்டில் டேனிஷ் ஆய்வாளர்கள், மலாவியின் சூழலிலிருந்து எடுத்த கிருமிகளைச் சுண்டெலிகளுக்கு முன்கூட்டிக் கொடுத்தபோது பி.சி.ஜி. பெருகாமல் தடைப்பட்டதைக் காட்டினார்கள். இது இரண்டாம் விளக்கத்துக்குச் சான்று. நம் சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தாரும் செங்கற்பட்டுச் சோதனை நடந்த ஊர்களின் மண், நீர், புழுதி, நோயாளியின் சளி ஆகியவற்றிலிருந்து சூழல் மைக்கோபாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்து, 1990களில் கினிப்பன்றிகளில் அவற்றின் விளைவை ஆராய்ந்தார்கள். வழக்கின் சாட்சி, நிகழ்ந்த இடத்திலிருந்தே கொணரப்பட்டது என்று இதைச் சொல்லலாம்.

ஆயினும் சாட்சிகளை நிறுத்துப் பார்க்குங்கால், மண் ஒன்றே காரணம் என்னும் தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை. மதனபள்ளிக்கருகே ஆரோக்கியவரம் சானடோரியத்தைச் சேர்ந்த பிரிமோட்-மோலர் 1950இல் தொடங்கிய சோதனையில் பி.சி.ஜி. ஓரளவு பாதுகாப்பே காட்டிற்று. மதனபள்ளியும் தென்னிந்தியக் கிராமப்புறந்தான்; கடலோர ஏரிகள் நிறைந்த செங்கற்பட்டைவிட, வானம் பார்த்த மேட்டுநிலமான நம் தர்மபுரி வட்டாரத்தோடு நிலத்திலும் வறட்சியிலும் நெருங்கியது. தென்னிந்தியா என்று ஒரே பெயரிட்டு எல்லா மண்ணையும் ஒரே மண்ணாக்குவது எவ்வளவு பொருந்தாதது என்பதற்கு இது ஒரு சான்று.

மேலும், கொரோனா தொற்றுக் காலமான 2020இல் சென்னைத் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் தமிழ்நாட்டு முதியோருக்கு பி.சி.ஜி. கொடுத்துப் பார்த்தபோது, அறுபது ஆண்டுகளுக்கு மேல் இந்தச் சூழலிலேயே வாழ்ந்த அவர்களின் ரத்தத்தில் நினைவணுக்கள் கூடின. மண் முற்றிலும் கதவடைத்திருந்தால் இது நேர்ந்திருக்கக் கூடாது. ரத்தத்தில் தெரியும் ஏற்றமும் நோயிலிருந்து கிட்டும் பாதுகாப்பும் ஒன்றல்ல என்னும் எச்சரிக்கையோடுதான் இதையும் கொள்ளவேண்டும்.

வேறு காரணங்களும் முன்வைக்கப்பட்டுள்ளன. 1960ஆம் ஆண்டளவில் மிட்சிசன் முதலியோர் செய்த ஆய்வில், சென்னை நோயாளிகளின் காசக் கிருமிகளுள் பல, பிரிட்டிஷ் கிருமிகளைவிடக் கினிப்பன்றிகளிடம் வீரியம் குறைந்து காணப்பட்டன; அத்தகைய கிருமியின் போக்கை பி.சி.ஜி. வேறுவிதமாக மாற்றக்கூடும். நோய் மலிந்த ஊரில் மீண்டும் மீண்டும் புதிதாகத் தொற்றுவதும் ஒரு காரணமாகலாம். எல்லாவற்றிலும் அழுத்தமானது உணவு. ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை நடந்து 2023இல் வெளியான ஆய்வில், நோயாளியின் குடும்பத்தாருக்குப் போதிய உணவு வழங்கியதனால் மட்டுமே அவர்களிடையே புதிய காசநோய் 39 விழுக்காடு குறைந்தது. ஊசி எதுவும் இன்றி, அரிசியும் பருப்பும் நுண்சத்துகளும் இதைச் செய்தன. தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டமும் நோயாளி வந்தவுடன் உடல் மெலிவை அளந்து, மிக மெலிந்தவரை முதலில் மருத்துவமனையில் சேர்க்கச் சொல்கிறது. சோளமும் ராகியும் பொய்த்த ஆண்டுகளில் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் கூலிக்குச் சென்று, நெருக்கடியான கொட்டகையில் படுத்து, இருமலோடு திரும்பும் நம் மாவட்டத்து உழைப்பாளிக்கு மண்ணின் கிருமியைவிடப் பசியே பெரும் பகை என்று நான் நம்புகிறேன்.

குடலும் புழுவும்

காசநோயை விட்டு வயிற்றுக்கு வந்தாலும் இதே கேள்வி வேறுருவில் நிற்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த பேக்கரும் மத்தனும், எந்த நோயும் இல்லாத கிராமத்தாரின் சிறுகுடலைக்கூட ஆராய்ந்து, அதன் உட்சுவரின் விரல் போன்ற நீட்சிகள் குட்டையாகித் தட்டையாகியிருப்பதை அரை நூற்றாண்டுக்கு முன்பே விவரித்தார்கள். ஓயாமல் வந்துகொண்டிருக்கும் நுண்ணுயிர்களோடு குடல் செய்யும் ஓயாத போரின் வடு அது. அதே வேலூரில் ஜேக்கப் ஜான் 1970களில், மேல்நாட்டுக் குழந்தைகளுக்கு மூன்று தவணையில் கிட்டிய போலியோ சொட்டு மருந்தின் பலன் நம் குழந்தைகளுக்கு மூன்று தவணையில் கிட்டவில்லை என்று நிறுவினார்; இந்தியா பல தவணைகள் கொடுத்தே போலியோவை வென்றது. தில்லி, புனே, வேலூர் ஆகிய மூன்றிடங்களில் சோதித்த இந்திய ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தும் ரோட்டா வைரஸால் வரும் கடும் வயிற்றுப்போக்கை ஏறத்தாழ 54 விழுக்காடே தடுத்ததென 2014இல் வெளியாயிற்று. ஐரோப்பாவில் இவ்வகை மருந்துகள் 85 விழுக்காட்டுக்கு மேல் காத்தன.

அப்படியானால் குடலைச் சுத்தப்படுத்திவிட்டுச் சொட்டு மருந்து கொடுத்தால் சரியாகிவிடுமா? வேலூர்க் குழந்தைகளிடமே அது பரீட்சிக்கப்பட்டது. சொட்டு மருந்துக்கு முன் அசித்ரோமைசின் என்னும் கிருமிக்கொல்லி மருந்தைக் கொடுத்தபோது குடலிலுள்ள நோய்க்கிருமிகள் குறைந்தன. ஆனால் போலியோ மருந்தின் பலன் கூடவில்லை என்று 2016இல் முடிவு வந்தது. பல்லாண்டு வாழ்க்கை செய்ததை மூன்று நாள் மருந்து அழித்துவிடாது என்பதே இதிலிருந்து நான் கொள்ளும் அர்த்தம்.

கொக்கிப்புழு இன்னும் சிக்கலானது. அதன் நுண்புழு ஈரமண்ணில் காத்திருந்து, வெறுங்காலின் விரலிடுக்கில் தோலைத் துளைத்து நுழைந்து, ரத்தத்தோடு நுரையீரலுக்கும் அங்கிருந்து தொண்டைக்கும் ஏறி, விழுங்கப்பட்டுக் குடலில் சென்று பற்றிக்கொள்கிறது. அங்கே ஆண்டுக்கணக்கில் தங்கவேண்டுமானால் உடலின் எதிர்ப்பை அது தணித்தாக வேண்டும், தணிக்கவும் செய்கிறது. எத்தியோப்பியாவில் புழுநீக்க மருந்து கொடுத்த பின் பி.சி.ஜி. போட்டவர்களின் அணுக்கள் சிறப்பாக விழித்தெழுந்தன என்று 2001இல் கண்டார்கள். ஆனால் உகாண்டாவில் கர்ப்பிணிகளுக்குப் புழுநீக்க மருந்து கொடுத்தபோது, பிறந்த குழந்தைகளின் தடுப்பூசிப் பலன் கூடவில்லை. கரப்பான் போன்ற தோல் ஒவ்வாமை அதிகரித்தது. நம் மாவட்டத்துச் சித்தேரியிலும் வத்தல்மலையிலும் வாழும் மலையாளி மக்களின் உறவினர் வாழும் ஜவ்வாது மலையில் இன்றைய பெரிய புழுநீக்க ஆய்வுகளுள் ஒன்று நடந்தது தற்செயலன்று. அங்கே மிகுந்திருப்பது இந்தக் கொக்கிப்புழுவே.

அழுக்கைப் போற்றலாமா?

லண்டனில் ஸ்ட்ராகன் 1989இல், உடன்பிறந்தோர் பலராக வளரும் குழந்தைக்கு மூக்கொழுகும் ஒவ்வாமை குறைவு என்று கண்டதிலிருந்து, சுத்தம் மிகுந்தால் நோயெதிர்ப்பு வழிதவறும் என்னும் சித்தாந்தம் வளர்ந்தது. சென்னையில் நீரிழிவாளரிடையே யானைக்கால் புழுத்தொற்று குறைந்து காணப்பட்டதென்ற 2010ஆம் ஆண்டின் ஆய்வும் அதே திசையைக் காட்டிற்று. இவற்றைப் படித்துவிட்டு, அந்தக் காலத்து மனிதர் மண்ணில் புரண்டு நோயின்றி வாழ்ந்தார் என்று மேடையில் முழங்குவோரைக் கண்டால் எனக்கு மிகுந்த வருத்தம் உண்டாகிறது. அந்தக் காலத்து மனிதரின் பிள்ளைகளுள் எத்தனை பேர் ஐந்து வயதைக் காணாமல் போனார்கள் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை. கொக்கிப்புழு ஒவ்வாமையைத் தணிக்கலாம். அதுவே பூப்பெய்திய பெண்ணின் ரத்தத்தை நாள்தோறும் குடித்து அவளை வெளிறச் செய்து, பிரசவத்தில் உயிராபத்துக்கும் கொண்டுபோய் விடுகிறது. பிப்ரவரி 10ஆம் நாள் பள்ளியில் கொடுக்கும் ஆல்பெண்டசோல் என்னும் புழுநீக்க மாத்திரையை மறுக்க இந்தச் சித்தாந்தத்தில் எந்த நியாயமும் இல்லை.

தர்மபுரிக்கு வந்த காவிரி

தர்மபுரி மாவட்டத்தின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து, பல்லில் பழுப்புக் கறையும் எலும்பில் வலியும் தலைமுறை தலைமுறையாக நின்றன. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் செயல்படத் தொடங்கியபின் காவிரி நீர் குளோரினிட்டுக் குழாய் வழியே மாவட்டமெங்கும் ஏறி வருகிறது. ஃபுளோரைடை வெல்வதற்காகக் கொண்டுவந்த இம்மாற்றம், ஆழ்துளைக் கிணற்றையும் ஊர்க் கிணற்றையும் நம்பியிருந்த லட்சக்கணக்கானோரின் நுண்ணுயிர்ச் சகவாசத்தையும் ஒருங்கே மாற்றியிருக்கிறது. வயிற்றுப்போக்குக் கிருமிகள் குளோரினுக்கு எளிதில் மடியும். சூழல் மைக்கோபாக்டீரியாவோ மெழுகு போன்ற தடித்த உறையுடையது. குளோரினைத் தாங்கி, குழாயின் உட்சுவரில் படியும் வழுவழுப்பான படலத்திலேயே குடியிருந்து பெருகும். ஆகவே குழாய் நீர் வந்ததனால் நம் குழந்தைகள் ஒருவகைக் கிருமிகளிலிருந்து விடுபட்டு, காசநோய்த் தடுப்போடு சம்பந்தமுடைய மற்றொரு வகையோடு முன்போலவோ முன்னிலும் மிகுதியாகவோ பழகுகிறார்கள் என்று அனுமானிக்க இடமுண்டு.

இதை அனுமானமாகவே விட்டுவைக்கத் தேவையில்லை. குழாய் நீர் சேர்ந்த ஊரையும், ஊற்றையும் கிணற்றையும் நம்பியிருக்கும் மலைக் குக்கிராமத்தையும் இணையாக எடுத்துக்கொண்டு, இரண்டிலும் ஒரே மாதத்தில் பிறந்து ஒரே நாளில் பி.சி.ஜி. பெற்ற குழந்தைகளின் ரத்தத்தை ஒரு வயதிலும் ஐந்து வயதிலும் பார்ப்பது கடினமான காரியமன்று. குழாய்ப் படலத்திலும் ஊற்று நீரிலும் என்ன கிருமி உள்ளதென்று வளர்த்துப் பார்க்க வேண்டும். குழந்தையின் எடையையும் புழுத்தொற்றையும் உடன் குறித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிடில் பசியின் வேலையை மண்ணின் தலையில் சுமத்திவிடுவோம். பிறப்பும் ஊசியும் கிராமச் செவிலியரின் பதிவேட்டில் நாள்வாரியாக உள்ளன. 2008 முதல் தர்மபுரியிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. முறையைக் கற்பிக்கச் சென்னையில் நிறுவனம் இருக்கிறது. காசநோய்க்குப் புதிய தடுப்பூசிகள் இப்போது பல நாடுகளில் பரீட்சிக்கப்படுகின்றன. அவற்றுள் ஒன்று இம்மாவட்டத்துக்கு வரும் நாளில், அதை ஏற்கப்போகும் உடல்களில் மண்ணும் நீரும் எதை எழுதி வைத்திருக்கின்றன என்னும் கணக்கு நம் கையில் இருந்தாக வேண்டும்.